கடலும் வேண்டும், புத்தகமும் வேண்டும்!

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். சாதாரணக் கடிதம் அல்ல. முழுதாக ஆறு பக்கம். வீட்டு அலங்காரம் பற்றி இந்தப் பகுதிக்கு வாரந்தோறும் வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். "திரைச் சீலைக்கு என்ன நிறம் வாங்கலாம்?" என்று கேட்பார்கள், பதில் சொல்லி முடித்துவிடலாம். இந்தக் கடிதத்தை அப்படிச் சுலபமாக முடிக்க முடியவில்லை.

சகோதரி பிறந்தது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூர். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. தேன்கனிக்கோட்டையில் சொந்தமாக வீடு கட்டி இப்போதுதான் குடி புகுந்திருக்கிறார்கள். அதற்குள் சென்ற ஆண்டு தகப்பனார் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன சொத்து 600 புத்தகங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டு விடு, அக்கா" என்று சொல்லிவிட்டாராம். சகோதரிக்கு மனம் வரவில்லை. பதினான்கு அட்டைப் பெட்டிகளில் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. மாமியாருக்கு அவற்றின் மேல் கண். "புழு வரும், பூச்சி வரும், தூக்கிப் பரண் மேல் போடு" என்கிறார்.

சகோதரி கேட்பது இரண்டு. வீட்டின் கூடம் கடற்கரை வீட்டுக் கூடம்போல் இருக்க வேண்டும். படங்களில் பார்த்திருக்கிறாராம், வெள்ளைச் சுவர், நீலத் திரை, பிரம்பு நாற்காலி. அதே கூடத்தில் அப்பாவின் புத்தகங்களும் இருக்க வேண்டும். கடைசி வரியில், "அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் காற்று வரும், புத்தக வாசனையும் வரும். இரண்டையும் இங்கே கொண்டு வர முடியுமா?" என்று எழுதியிருக்கிறார்.

முடியும், அம்மா. அதுவும் உங்கள் ஊரில் முடிகிற மாதிரி உங்கள் அப்பா வீட்டில்கூட முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

கடற்கரைக் கூடம் என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கடையிலே போய்க் கப்பல் சக்கரம் ஒன்று, நங்கூரம் ஒன்று, கண்ணாடிக் குப்பியில் அடைத்த மணல் கொஞ்சம், வலைத் துண்டு ஒன்று எல்லாம் வாங்கி வந்து சுவரில் மாட்டுகிறோம். மேலை நாட்டுப் பத்திரிகைகளில் வருகிற வீடுகளைப் பார்த்து வந்த மோகம் இது. கடலோரத்தில் பிறந்தவர்கள் யாராவது வீட்டுச் சுவரில் நங்கூரம் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மீன்பிடிக்கப் போகிறவர் வலையை வெளியே உலர்த்துவாரே தவிர, கூடத்தில் தொங்கவிட மாட்டார். நம்முடைய சோழ மண்டலக் கரை வீட்டுக்கென்று ஓர் அழகு உண்டு. அது அலங்காரத்துக்காக வந்ததல்ல. வெயிலையும் உப்புக் காற்றையும் சமாளிக்க வேண்டி வந்தது. தடித்த சுவர், உயரமான கூரை, வாசலில் திண்ணை, நடுவே முற்றம், சுண்ணாம்பு வெள்ளை, சாய்வு நாற்காலி, தரையில் பாய். இவ்வளவுதான். இதில் பணம் பிடுங்குகிற சாமான் ஒன்றும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது தகராறுக்கு வருவோம். கடலுக்கும் புத்தகத்துக்கும் ஜன்மப் பகை. கடற்காற்றில் ஈரம் அதிகம். காற்றில் இருக்கும் உப்பு பொருள்களின் மேல் படிந்து, இன்னும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 பங்கைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சக்காளான் பிடிக்க ஆரம்பிக்கும். கடலோர ஊர்களில் வருஷத்தில் பெரும் பகுதி இதைத் தாண்டியே இருக்கும். பழைய வாரப் பத்திரிகைகளை அடித்திருக்கும் கம்பிப் பின் துருப்பிடித்துப் பக்கத்தின் நடுவே பழுப்புக் கறை விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த ஈரத்தின் வேலைதான்.

இருந்தாலும் கரையிலே புத்தகம் சேர்த்தவர்கள் உண்டு. உங்கள் தரங்கம்பாடியிலேயே ஒருவர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து 1706-ஆம் ஆண்டு வந்து இறங்கிய ஸீகன்பால்க் பாதிரியார். அவர் பைபிளைத் தமிழில் அச்சிட்டது எல்லோருக்கும் தெரியும். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதற்கு முன் அவர் செய்த காரியம் அவ்வளவாகத் தெரியாது. வந்த இரண்டே வருஷத்தில், கடலோரத்திலிருந்த அந்த ஊரில், தமிழ் ஏட்டுச் சுவடிகளாகவே ஒரு நூலகம் சேர்த்துவிட்டார். 1708-இல் அதற்கு ஒரு பட்டியலும் எழுதினார். தமிழர்களின் நூல்கள் மட்டும் அதில் 119. இலக்கணம், நீதி நூல், புராணம், வைத்தியம் எல்லாம் இருந்தன. இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சேர்த்தார்? அவருக்கு எழுத்தர்கள் இருந்தார்கள். அவர்களை ஊர் ஊராக அனுப்பினார். படித்த அந்தணர்கள் காலமான வீடுகளில், அவர்களுடைய விதவைகளிடமிருந்து சுவடிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பாதிரியாரைவிட அந்தப் பெண்மணிகளின் நினைவே அதிகமாக வந்தது. வீட்டு மனிதர் போய்விட்டார். அவர் உயிராகப் பாதுகாத்த ஏடுகள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லை, வைக்க இடமில்லை, கையில் காசும் இல்லை. வாசலில் ஒருவர் வந்து விலை கேட்கிறார். என்ன செய்வார்கள்? நல்ல வேளை, வந்தவர் அருமை தெரிந்தவரின் ஆள். எல்லா ஏடுகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளையும், நெருப்பில் போன ஏடுகளையும் பற்றி உ. வே. சாமிநாதையர் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். நம் காலத்தில் ஆற்றுக்குப் பதில் தராசு வந்திருக்கிறது. ஆகவே, பதினான்கு பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே, அதற்கு என் கைகூப்பு.

இனித் தேன்கனிக்கோட்டைக்கு வருவோம். கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே, எந்தப் பக்கம் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது உங்கள் ஊர். உப்புக் காற்றுக்கு அங்கே வழியில்லை. வெயிலும் சமவெளியைப்போல் கொளுத்துவதில்லை. புத்தகம் சுகமாக இருக்க இதைவிட என்ன வேண்டும்? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்கள் புத்தகத்துக்காக ஏங்குகிற காற்று உங்களுக்குத் தானாகக் கிடைத்திருக்கிறது. கடற்கரையின் அழகை மட்டும் வரவழைத்துக்கொண்டு, அதன் ஈரத்தைக் கரையிலேயே விட்டுவிடலாம்!

ஆனால் ஒன்று. கடற்கரைக் கூடம் வெளிச்சம் கேட்கும். புத்தகம் நிழல் கேட்கும். மலிவுக் காகிதத்தில் மரச் சத்து அதிகம். வெயில் பட்டால் அது பழுத்து, பிறகு அப்பளம்போல் நொறுங்கும். அட்டைகளின் நிறமும் வெளுத்துப் போகும். ஆகவே கூடத்தில் எந்தச் சுவர் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் கூடம் 18 அடிக்கு 12 அடி என்றும், வாசல் கிழக்கே, தெற்கில் இரண்டு ஜன்னல், மேற்கில் ஒரு ஜன்னல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வடக்குச் சுவர் உள்சுவர். அதில் உள்ளறைக்குப் போகும் கதவு ஒன்று. அந்த வடக்குச் சுவர்தான் புத்தகத்துக்கு. வெளிச்சுவர் மழையில் நனையும். மார்கழிக் குளிரில் சில்லிட்டு ஈரம் கோக்கும். உள்சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கதவுக்கு 3 அடி போக 15 அடி மிச்சம். இதில் 12 அடியைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சாதாரணத் தமிழ்ப் புத்தகம் சராசரி ஓர் அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் 600 புத்தகத்துக்கு 50 அடி நீளம் தட்டு வேண்டும். 3 அடி அகலத்தில் 6 தட்டுகள் உள்ள அலமாரி ஒன்றுக்கு 18 அடி. மூன்று அலமாரி போட்டால் 54 அடி. அப்பாவின் புத்தகங்கள் அடங்கிவிடும். நான்காவது ஒன்றும் போடச் சொல்கிறேன். அது யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அலமாரி எதில் செய்வது? மரக் கடையில் கேட்டால் தேக்கு என்பார்கள். விலையைக் கேட்டதும் நமக்குத் தலை சுற்றும். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்தால் மலிவு. ஆனால் மூன்றடித் தட்டில் புத்தகத்தை நிறைத்தால் இருபது முதல் முப்பது கிலோ வரை ஏறும். இரண்டே வருஷத்தில் அந்தப் பலகை நடுவில் தொய்ந்து ஊஞ்சலாகிவிடும். கரையானுக்கோ அது கல்யாண விருந்து. யானை வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டிருப்பவரிடம் கரையானுக்குப் பயப்படச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். யானை ராகிக் கொல்லையோடு போய்விடும். கரையான் அலமாரிக்குப் பின்புறமாக ஏறி, நீங்கள் எடுத்துப் பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

உங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கல்! கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் கருங்கல் பூமி. கற்பலகையால் கூரை வேய்ந்த பழைய வீடுகளையும், கற்பலகை நட்ட வேலிகளையும் வழியெல்லாம் பார்க்கிறீர்கள். சமையலறைச் சுவரலமாரியில் கடப்பைக் கல்லைத் தட்டாகப் பதிக்கிறோமே, அதையே கூடத்திலும் செய்யுங்கள். பத்தங்குல ஆழம் போதும்; அதற்கு மேல் ஆழம் வைத்தால் முன்வரிசைப் புத்தகத்துக்குப் பின்னால் இன்னொரு வரிசை போய் ஒளிந்துகொள்ளும், பிறகு அதை யாரும் தேடமாட்டார்கள். தட்டுக்குத் தட்டு பதினோரங்குலம் இடைவெளி. ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் பதினான்கு அங்குலம் விடுங்கள். கீழ்த் தட்டு தரையிலிருந்து ஆறங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். கல் தொய்யாது, துருப்பிடிக்காது, கரையானும் அதைத் தின்னாது. மண் வழி கட்டிக்கொண்டு கல்லின் மேல் ஏறப் பார்க்கும்; ஏறினால் வெள்ளையில் செம்மண் கோடு பளிச்சென்று தெரியும், துடைத்துவிடலாம். கல்லின் விளிம்பை மழமழப்பாக்கி வாங்குங்கள். இல்லாவிட்டால் அட்டையின் அடிப்பக்கம் தேயும்.

ஓர் எச்சரிக்கை. கல்லும் புத்தகமும் சேர்ந்தால் எடை ஏறத்தாழ ஒரு டன்னுக்கு வந்துவிடும். உங்கள் கூடம் தரைத் தளம் என்பதால் சொல்கிறேன். மாடியில் கூடம் வைத்திருக்கும் சகோதரிகள் வீடு கட்டிய எஞ்சினீயரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

பதினான்கு அங்குலத் தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அம்மா, பாட்டி யாராவது வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, படத்தோடு பைண்டு செய்து வைத்திருப்பார்களே, அதற்குத்தான்! அப்பாவின் பெட்டிகளில் அவையும் நாலைந்து இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புத்தகமாக வெளிவந்த கதை எங்கும் கிடைக்கும். வாரம் ஒரு சித்திரத்தோடு, ஓரத்தில் தைல விளம்பரத்தோடு, உங்கள் பாட்டி ஊசி நூலால் தைத்த அந்தப் பிரதி வேறு எங்கே கிடைக்கும்? அவற்றைப் படுக்கை வாட்டில் வையுங்கள். நிற்க வைத்தால் பைண்டு தன் கனத்தாலேயே பிரியும். துருப்பிடித்த பின் இருந்தால் பொறுமையாக எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்குப் பளபளக்கும் ஒட்டுநாடாவை மட்டும் தொடவே தொடாதீர்கள். சில வருஷத்தில் பசை கசிந்து பழுப்பாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

*

அலமாரி ஆயிற்று, இனிக் கடலை அழைப்போம்.

முதலில் சுவர். எமல்ஷன் பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடியுங்கள் என்பேன். கடலோர வீடுகளின் வெள்ளைக்குக் காரணம் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடலே சுவரில் ஏறி உட்கார்ந்த மாதிரிதான். கிடைத்தால் கிளிஞ்சல், இல்லாவிட்டால் கல் சுண்ணாம்பு. அதில் சொட்டு நீலம் கொஞ்சம் கலந்தால் வெள்ளை கண்ணைக் குத்தாமல் குளிர்ச்சியாகத் தெரியும். உங்கள் அப்பா வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் இப்படித்தான் அடித்திருப்பார்கள். இதில் புத்தகத்துக்கும் லாபம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும். அதன் காரத்தில் பூஞ்சக்காளானும் லேசில் வராது. சாய்ந்தால் முதுகில் ஒட்டும் என்பது உண்மைதான். சாயாமல் இருந்தால் போகிறது!

பிறகு காற்று. ஆனி, ஆடியில் உங்கள் ஊருக்குத் தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்று கடற்காற்றுக்குச் சளைத்ததல்ல. அது வருவது மேற்கு ஜன்னல் வழியாக. அதே ஜன்னலில்தான் சாயங்கால வெயிலும் வந்து கூடம் முழுவதும் விழும். ஜன்னலைத் திறந்தால் வெயில், மூடினால் புழுக்கம். இந்தச் சங்கடத்துக்குக் கடலோரத்தார் என்றைக்கோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். புதுச்சேரியின் பழைய வீட்டு ஜன்னல்களைப் பாருங்கள். மெல்லிய மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிச் செய்த கதவுகள். காற்றைக் கோடு கோடாக உள்ளே விடும். வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடும். மேற்கு ஜன்னலுக்கு இந்த மாதிரி ஒரு ஜோடி செய்து, கடல் நீலமோ கடல் பச்சையோ அடியுங்கள். கூடத்தில் நீலம் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களே, அதை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே வரும். அதற்கு ஒரு பருத்தித் திரை போதும். சென்னிமலைக் கைத்தறியில் வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி வாங்கித் தைத்துவிடுங்கள்.

வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். புத்தகம் இல்லாத கூடத்தில் தாராளமாகச் செய்யலாம். இங்கே வேண்டாம். கரையிலே விட்டுவிட்டு வந்த ஈரத்தை நாமே வாளியில் மொண்டு வந்த கதையாகும்.

தரைக்கு சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால் பாக்கியம். பளிங்கு ஓடு போட்டாயிற்று என்றால் கவலை இல்லை. கோரைப் பாயை விரித்து மறைத்துவிடலாம். நாற்காலிக்குச் சீர்காழிப் பக்கம் தைக்காலில் பிரம்பு வேலை பிரசித்தம். பிறந்த வீட்டுக்குப் போகும்போது இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கி வாருங்கள். மூன்றாவதாக அப்பா உட்கார்ந்த சாய்வு நாற்காலி. அதைக் கொண்டு வந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வராவிட்டால் போய் எடுத்து வாருங்கள். துணி கிழிந்திருந்தால் கித்தான் மாற்றிக்கொள்ளலாம். வடக்குச் சுவரில் மிச்சமிருக்கிற 3 அடியில் அதற்கு இடம். பக்கத்தில் ஒரு நின்ற விளக்கு. இதற்கு மேல் சாமான் சேர்க்க வேண்டாம். கடற்கரை என்றால் நமக்கு என்ன பிடிக்கிறது? வெட்டவெளிதானே?

அலமாரிக்குக் கதவு வேண்டுமா என்பதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறுபட்டது. திறந்த அலமாரிதான் அழகு. கை நீட்டினால் புத்தகம். ஆனால் உங்கள் பக்கம் தூசி அதிகம்; செம்மண்ணும் கல் தூளும் சேர்ந்து வரும். ஆகவே கண்ணாடிக் கதவு போடுங்கள், பூட்டு மட்டும் வேண்டாம். மேலும் கீழும் சிறு துளைகள் விட்டுக் கம்பி வலை அடியுங்கள். உள்ளே காற்று தேங்கக் கூடாது. புத்தகத்தைப் பின்சுவரில் இடிக்க அடுக்காமல் ஓரங்குலம் இடம் விட்டு வையுங்கள்.

*

இப்போது உங்கள் மாமியார் கட்சி. புழு, பூச்சி வரும் என்று அவர் சொன்னது அத்தனையும் வாஸ்தவம்! அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். பாதி வழக்கு தீர்ந்துவிடும். வெள்ளிச் செதிலோடு வழுக்கிக்கொண்டு ஓடுகிற பூச்சி பசையையும் காகிதத்தின் மேற்பரப்பையும் அரிக்கும். ராமபாணப் பூச்சி அட்டை முதல் அட்டை வரை நேராகத் துளைத்துக்கொண்டு போகும். பெயர் சும்மாவா வந்தது? ஆகவே வந்த பெட்டிகளை அப்படியே பிரித்து அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியாகத் திண்ணைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு புத்தகத்தையும் தட்டி, மெல்லிய தூரிகையால் மேல் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். மாவுபோல் தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, பிரிட்ஜின் உறைபனிப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து, குளிர் போன பிறகு எடுங்கள். பெரிய நூலகங்களில் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே கம்பராமாயணம் இருப்பதைப் பார்த்து வீட்டார் நாலு வார்த்தை சொல்வார்கள்; சொல்லட்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப் பேரலையில் நனைந்த புத்தகங்கள் நாற்பது இருக்கின்றன, அப்பா அவற்றைத் தூக்கி எறியாமல் ஒவ்வொன்றாக உலர்த்தி வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புக் கறையோடு இருக்கும் அவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். அவற்றில் இருக்கும் உப்பு இன்னும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் முதலில் பூக்கிறவை அவைதான். வெள்ளைப் பொடியாக உப்புத் தெரிந்தால் உலர்ந்த தூரிகையால் துடைக்கலாம். பூஞ்சக்காளானாக இருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத் துடையுங்கள். கறையைப் போக்கத் தண்ணீரில் கழுவ வேண்டாம். கறை இருந்துவிட்டுப் போகட்டும். கூடத்தில் கடலிலிருந்து நேரே வந்த பொருள் ஒன்று வேண்டுமென்றால், அந்தத் தட்டைவிட என்ன இருக்கிறது?

அந்துருண்டை போடும் வழக்கம் பலருக்கு உண்டு. குழந்தைகள் புழங்கும் கூடத்தில் அது கூடாது; வாசனையும் உடம்புக்கு ஆகாது. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சுவடிகளுக்குப் போடும் மருந்தைப் போடுங்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் சிறு முடிச்சாகக் கட்டி வைப்பார்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வைத்தார்களே, புத்தகத்தையும் அதுதான் வளர்க்கிறது. அந்த முடிச்சைக் கட்டித் தரும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள். பூச்சி வரும் என்று சொன்னவர் கையாலேயே பூச்சி மருந்து. வாசனை போனதும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். சரசுவதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் துடைத்து அடுக்குவது ஒரு தடவை, மழை ஓய்ந்து தை பிறக்கும் முன் ஒரு தடவை. வருஷத்துக்கு இந்த இரண்டு போதும். போகியன்று மட்டும் அலமாரிப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்!

வீட்டில் புத்தகம் சேர்ப்பது பைத்தியக்கார வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீடு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகப் பிழைத்த மனிதர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்து வீட்டை நிரப்பினார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் கடத்திக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது இப்படித்தான். இன்னொன்று புதுக்கோட்டை ஞானாலயா. பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. ஆராய்ச்சி செய்கிற எத்தனையோ பேர் அந்தப் படியேறியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, கணவனும் மனைவியும் ஒரே கட்சி என்பது. புத்தகம் வாங்கியதால் சண்டை வராத தம்பதி எத்தனை பேர், சொல்லுங்கள்!

உங்களை லட்சத்துக்குப் போகச் சொல்லவில்லை. நான்காவது அலமாரி யாருக்கு என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அது இப்போது அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு. அப்பாவின் மூன்று அலமாரியும் அப்பாவின் ரசனை. அவற்றை மட்டும் வைத்துக் கூடத்தை நிரப்பினால், பாவம், மற்றவர்களுக்கு அது நினைவு மண்டபமாகத் தெரியும். விரல் வைக்கப் பயப்படுவார்கள். நான்காவதன் கீழ் இரண்டு தட்டு குழந்தைகளுக்கு. கிழித்தாலும் பரவாயில்லை என்கிற புத்தகங்கள். நடுத் தட்டு உங்களவருக்கு. மோட்டார் புத்தகமோ, மாத்தளவு பார்க்கும் புத்தகமோ, அவர் இஷ்டம். கண்ணுக்கு நேரான தட்டு மாமியாருக்கு.

அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, தெலுங்குதான் படிப்பார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆறு பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கிற ஊர் உங்களுடையது. பதினான்கு பெட்டி நிறையத் தமக்குப் புரியாத எழுத்து வந்து இறங்கினால், அதைப் பரணில் போடச் சொல்லாமல் என்ன செய்வார்? ஓசூரில் பஸ் ஏறினால் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கே அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கன்னடத்தோடு தெலுங்குப் புத்தகங்களும் தேடினால் அகப்படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கும் பிரதியாகப் பார்த்து அவரே பொறுக்கட்டும். விலை பேசுவதையும் அவரிடமே விட்டுவிடுங்கள், உங்களைவிடக் குறைத்து வாங்குவார். திரும்பி வந்ததும் சாய்வு நாற்காலியில் முதலில் யார் உட்காருவது என்று நீங்கள் இருவருமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு என்னிடம் யோசனை கேட்டு எழுத வேண்டாம்!